கம்பியா, பிளேட்டா

நான் மொழிபெயர்ப்பாளன். புத்தகம் மொழிபெயர்ப்பவன் அல்ல. காது கேளாதவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்லுவேன். வாயால் வருவதைக் கையால் சொல்லுவேன். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பிழைக்கிற தொழில் இது. உட்கார்ந்த இடத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இதன் முதல் விதி. நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன் என்றால், அக்காவே சொல்லச் சொன்னதுதான் காரணம். “எல்லாத்தையும் சொல்லு. கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு எதையும் மாத்திடாதே” என்றார். அவர் கையில் சொன்னதையெல்லாம் இங்கே வாய்ப்பேச்சாக எழுதுகிறேன். எழுத்தில் வேறு வழி கிடையாது.

அக்காவுக்குப் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி வரும். துவைத்துப் பிழிந்து சூடான ரோலருக்குள் விட்டு எடுத்த படுக்கை விரிப்புகளை, சூடு ஆறுவதற்குள் மூலைக்கு மூலை பிடித்து மடிக்க வேண்டும். எதிரே இன்னொரு பெண் நிற்பாள். இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நெருங்குவார்கள், விலகுவார்கள், மறுபடி நெருங்குவார்கள். இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். பிறவியிலேயே காது கேளாத அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்த பெண்கள் அவரிடம் நாலு சைகை கற்றுக்கொண்டு, மேற்பார்வையாளரை அவர் மூக்குக்கு நேராகவே வைது சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்கள் கூடுகிற ஒரு கூடம் உண்டு. அங்கே அக்கா மகாராணி. கதை சொல்ல அவரை மிஞ்ச ஆளில்லை. பேருந்தில் நடந்த சண்டையை அவர் சொன்னால், டிரைவர், கண்டக்டர், சில்லறை இல்லாத கிழவர் என்று அத்தனை பேரும் அந்தப் பத்து விரலில் வந்து இறங்குவார்கள். தன் கணவரைப் பற்றி அவர் சொல்லும் கதைக்கு எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பு வரும். அந்தக் கணவருக்கும் காது கேளாது, தச்சர். வீட்டில் சண்டை முற்றும்போது, தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய் விளக்கை அணைத்துவிடுவாராம். இருட்டில் அக்கா என்ன சொல்லி என்ன பயன்? “கடைசி வார்த்தை எப்பவும் அந்த ஆளுக்குத்தான்” என்பார் அக்கா.

அந்த மனிதர் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலி வந்து விழுந்து, அன்றே இறந்துபோனார். மகள் அப்போது பால் பல்லே விழாத குழந்தை. அவளுக்கு நன்றாகக் காது கேட்கும். அன்றிலிருந்து அக்காவுக்கு வெளியுலகம் என்பது மகள் வழியாகத்தான். வங்கியில், ரேஷனில், வீட்டுக்காரரிடம், மின்சார அலுவலகத்தில், எங்கே போனாலும் அம்மாவின் இடுப்பு உயரத்தில் நின்று அந்தப் பெண்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைப் பற்றி வண்டி வண்டியாகக் குறை சொல்ல, “உங்க மக தங்கம்னு சொல்றாங்கம்மா” என்று அம்மாவிடம் கையில் சொல்லிவிட்டு வருவாள். இது வெகு நாள் கழித்து அக்காவுக்குத் தெரிந்தது. அப்போது அவருக்குப் பெருமைதான். கூடத்தில் அதையும் ஒரு கதையாக நடித்துக் காட்டினார்.

மகள் வளர்ந்து பெரியவளான பிறகு அக்காவின் கை ஒடிந்தது, ஒரு தள்ளுவண்டியால். ஈர விரிப்புகளை ஏற்றிய இரும்பு வண்டி, மேல்தளத்திலிருந்து சரிவில் இறங்கும். அதன் பிரேக் கட்டை தேய்ந்து நெடுநாளாயிற்று. அன்று வண்டி தள்ளியவனின் கைப்பிடியிலிருந்து நழுவி அது தானாகவே ஓடி வந்தது. அக்கா இரும்புக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் விளிம்புக்கும் கதவு நிலைக்கும் நடுவே வலது கை அகப்பட்டது. “கத்தினேன், அவங்களுக்குக் கேக்கலை” என்றான் வண்டிக்காரன். அது உண்மைதான். ஆனால் நிர்வாகத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. செவிட்டுப் பொம்பளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு மகள் ஓடி வந்தாள். அந்தச் சமயம் அவளுக்கு வேறொரு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. நாயாய் அலைந்து வாங்கிய வேலை. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நீள எலும்புகள் இரண்டும் உள்ளங்கைக்குள் சாய்வாக முறிந்து, முறுக்கிக்கொண்டு நின்றன. நேராக்கி மாவுக்கட்டு மட்டும் போட்டால் இந்த முறிவு நிற்காது, உள்ளேயே நழுவிவிடும் என்றார். மிச்சம் இருந்தது இரண்டு வழி. தோலுக்கு வெளியிலிருந்தே மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி, மேலே கட்டுப் போடுவது ஒன்று. பெரிதாகக் கிழிக்க வேண்டியதில்லை. எலும்பு சேர்ந்ததும் கம்பியை உருவிவிடலாம். ஆனால் அதுவரை விரலை அசைக்க முடியாது, மூட்டு இறுகிப்போகலாம், முறுக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம். இன்னொன்று, புறங்கையைத் திறந்து எலும்பைக் கண்ணால் பார்த்துச் சேர்த்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது. முறுக்கு சரியாக நிற்கும், விரலையும் சீக்கிரமே அசைக்கலாம். ஆனால் தழும்பு இருக்கும். தசைநார் பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் தினமும் வந்து பயிற்சி செய்தே ஆக வேண்டும், பயிற்சி கொடுப்பவர் சொல்வதை ஒருவர் கூடவே இருந்து அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

“இவங்க கையால பேசறவங்க. என்னைக் கேட்டா பிளேட்தான் சொல்வேன்” என்றார் டாக்டர். “ஆனா முடிவு அவங்களோடது. கேட்டுச் சொல்லுங்க.”

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“கம்பி போட்டுக் கட்டுக் கட்டுவாங்க. சரியாயிடும்.”

அக்கா இடது கையால் கேட்டார். “இவ்வளவுதானா? அவ்வளவு நேரம் பேசினாரே?”

“டாக்டருங்க அப்படித்தாம்மா. சுத்தி வளைச்சுப் பேசுவாங்க.”

பிறகு டாக்டரிடம் திரும்பி, “அம்மா கம்பியே போதுங்கறாங்க” என்றாள்.

கம்பி போட்டார்கள். மகள் ஊருக்குப் போனாள். வாரக் கடைசியில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு அம்மா தலை பின்னிவிட்டார். அக்கா ஒற்றைக் கையால் குளித்தார், உடுத்தினார், ஒற்றைக் கையால் பேசினார். கட்டைப் பிரித்துவிட்டால் எல்லாம் பழையபடி என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கட்டைப் பிரித்துக் கம்பியை உருவியபோது கை மரக்கட்டை போல இருந்தது. அதுகூடப் போகப் போகச் சரியாகும் என்றார்கள். சரியாகாதது ஒன்று இருந்தது. விரலை மடக்கினால் நடுவிரல் போய் மோதிர விரலின்மேல் ஏறி உட்கார்ந்தது. எலும்பு முறுக்கோடே சேர்ந்துவிட்டது. தட்டு கழுவுகிறவருக்கும் விரிப்பு மடிக்கிறவருக்கும் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அக்காவுக்கு அது திக்குவாய்.

கொஞ்ச நாளில் கூடத்து நண்பர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனார்கள், நானும் போயிருந்தேன். அக்கா அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, மனசு ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். விரல் ஏறிக்கொண்டது. வருத்தம் என்பது புளிப்பு என்று வந்தது. ‘மனசு ரொம்பப் புளிப்பா இருக்கு’. சுற்றி இருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்தால் போதுமே, சாவு வீட்டுச் சிரிப்பு தொற்றிக்கொள்ளும். அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கே உதடு துடித்தது. அக்கா மறுபடி சொன்னார். மறுபடியும் புளிப்பு. எழுந்து வெளியே வந்துவிட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துக்கு வருவதை நிறுத்தினார்.

நான்தான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மறுபடி ஒருமுறை டாக்டரைப் பார்க்கலாம், இந்தத் தடவை நான் கூட வருகிறேன் என்றேன். மகள் வரும்வரை பொறுக்கலாம் என்றார் முதலில். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் புதுப் படம் எடுத்துப் பார்த்தார். அக்காவின் விரல்களை மடக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, எரிச்சலும் வருத்தமுமாகச் சொன்னார்.

“இதுக்குத்தான் ஆரம்பத்திலேயே பிளேட் வெச்சுக்கலாம்னு சொன்னேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்க.”

நான் அதை அப்படியே கையில் சொன்னேன். என் வேலை அது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அவர் டாக்டரிடம் கேட்டார், நான் குரல் கொடுத்தேன்.

“யார் வேணாம்னு சொன்னது?”

“நீங்கதான். உங்க மக கேட்டுச் சொன்னாங்களே.”

அறையில் சுவரோரமாக ஒரு நர்ஸ் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்திரிக்கோல் நின்றது. டாக்டருக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அழவில்லை. அன்றைக்குச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஒரு வரி விடாமல் மறுபடி சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார். கம்பி என்றால் என்ன, பிளேட் என்றால் என்ன, எதில் என்ன நல்லது, எதில் என்ன கெட்டது, எல்லாம். தன் கையைப் பற்றி அக்கா முழுசாகக் கேட்டது அன்றுதான்.

பிறகு, இனி என்ன செய்யலாம் என்ற பேச்சு. இப்படியே விட்டுவிட்டுப் பயிற்சியால் பழகிக்கொள்வது ஒரு வழி. இல்லாவிட்டால், சேர்ந்த எலும்பை மறுபடி அறுத்து, முறுக்கை நேராக்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட வேண்டும். ஒட்டிக்கொண்ட தசைநாரையும் பிரித்துவிட வேண்டும். விரல் ஏறுவது நிற்கும். இறுகிப்போன மூட்டு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. முதலிலேயே செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது இப்போது கிடைக்காது. டாக்டர் இதை மழுப்பாமல் சொன்னார்.

அக்கா கேள்விமேல் கேள்வி கேட்டார். பிளேட் துருப்பிடிக்குமா? குளிரில் வலிக்குமா? மறுபடி எடுக்க வேண்டுமா? சேராமலே போய்விட்டால்? டாக்டர் படம் வரைந்து காட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். கடைசியாக, “உங்க கையா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார் அக்கா.

டாக்டர் படம் வரைந்த பேனாவைக் கீழே வைத்தார். “என் கை போனாலும் பேச எனக்கு வாய் இருக்கும்மா. அதனால என் பதில் உங்களுக்கு உதவாது” என்றார்.

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னார்: “வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட பேசினார்.” 

மகள் வருகிற அன்று என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். மகளுக்கு என்னைவிட நன்றாகச் சைகை தெரியுமே, நான் எதற்கு என்றேன். “நான் சொல்றது புரியலைன்னு அவ சொல்லக் கூடாது. அதுக்குத்தான் நீ” என்றார்.

ஒற்றை அறை வீடு. கட்டில், அடுப்பு மேடை, தச்சர் செய்து வைத்துவிட்டுப் போன இரண்டு நாற்காலி. மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “பிளேட் வெக்கலாம்னு டாக்டர் சொன்னதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

மகள் வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் பேசினாள். “சொன்னா நீ அதைத்தான் கேட்டிருப்ப. தினமும் உன்கூட ஆஸ்பத்திரிக்கு யாரு வருவா? நான்தான். வேலை போயிருக்கும்.”

“அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. சரி, கம்பியே போதும்னு நானே சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருக்க மாட்டே.”

“தெரியாது. நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டே.”

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் மன்னிப்புக் கேட்கிற பார்வை இல்லை.

“அப்பா செத்துட்டார்னு உன்கிட்ட யாரு சொன்னது? நான். அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் குனிஞ்சு, ‘அம்மாகிட்ட சொல்லிடு பாப்பா’ன்னார். நீ நம்பலை. மறுபடி சொல்லுன்னே. மறுபடி சொன்னேன். எல்லாக் குழந்தைக்கும் அப்பா செத்தா அழலாம். எனக்கு முதல்ல உனக்குச் சொல்லிட்டு அப்புறம்தான் அழ முடிஞ்சது. அன்னிலேர்ந்து எல்லாத்தையும் நான்தான் சொல்லிட்டே இருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்காக ஒண்ணைச் சொல்லாம விட்டேன். நான் உனக்கு மகளா, காதா?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. அக்காவின் கை எழுந்தது, விரல் ஏறிக்கொண்டது, அதை இடது கையால் பிரித்து விட்டுவிட்டு மறுபடி சொன்னார்.

“ரெண்டும்னுதான் நெனச்சேன். காது பொய் சொல்லும்னு தெரியலை.”

மகள் என் பக்கம் திரும்பி, “அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அவளுக்குப் புரிந்திருந்தது. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் நான் குரலில் சொன்னேன். அந்த வீட்டில் அந்த வாக்கியம் சத்தமாகக் கேட்கட்டும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ. பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டாள். கொண்டு வந்திருந்த பழங்கள் கட்டிலின்மேல் இருந்தன. அக்கா அவற்றை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு மகள் லீவு போட்டு வருவதாகச் செய்தி அனுப்பினாள். வேண்டாம் என்று அக்கா பதில் அனுப்பினார். எலும்பை அறுத்து, திருப்பி, பிளேட் வைத்தார்கள். புறங்கையில் மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு தழும்பு. கட்டு பெரிதாக இல்லை. சீக்கிரமே பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். என்னால் முடிந்த நாட்களில் போனேன். முடியாத நாட்களில் பயிற்சி கொடுக்கும் பெண்ணே ‘மடக்கு’, ‘நீட்டு’, ‘வலிக்குதா’ என்பதற்கான சைகைகளைக் கற்றுக்கொண்டு சமாளித்தாள். வலியில் அக்காவின் முகம் கோணும். ஆனால் நிறுத்தச் சொல்ல மாட்டார். ஒரு நாள் அந்தப் பெண் அவசரத்தில் ‘வலிக்குதா’ என்பதற்குப் பதில் ‘பசிக்குதா’ என்று கேட்டுவிட, அக்கா வலியோடு வலியாகச் சிரித்தார். அந்த வருஷத்தில் நான் அவரைச் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

விரல் ஏறுவது நின்றது. டாக்டர் சொன்னபடியே மற்றது திரும்பவில்லை. மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. நடுவிரல் காலையில் மடங்கி, மாலையில் களைத்துவிடும். இப்போது அக்கா சொல்வது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டின மாதிரிதான் இருக்கிறது. கூடத்துக்கு மறுபடி வருகிறார். கதை கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறார். பலரும் பொறுமையாகப் பார்க்கிறார்கள். அந்தப் பொறுமைதான் அவருக்கு ஆகவில்லை. முன்பெல்லாம் அவர் கையெடுத்தால் சோறு ஆறினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இப்போது பாதியில் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போகிறார், வேறொருவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

சலவைக்கூடத்தில் மடிக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் அழுக்கு மூட்டைகளைப் பிரித்துத் தரம் பிரிக்கும் வேலை. ரத்தமும் மலமும் பட்ட விரிப்பு ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். அங்கே எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க யாரும் கிடையாது. வண்டிகளின் பிரேக்கை மாற்றினார்களா என்று கேட்டேன். ஒரு வண்டிக்கு மாற்றினார்களாம்.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணம். அவளாகப் பார்த்துக்கொண்ட பையன், நல்லவன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு ஒரு சின்ன ஓட்டலில் இரு வீட்டாருக்கும் சாப்பாடு. அக்கா காது கேளாதோர் சங்கத்தின் மூலமாக முறைப்படி என்னை ஏற்பாடு செய்திருந்தார். பெண்ணின் அம்மா மொழிபெயர்ப்பாளரோடு வந்து இறங்கியதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். மகளுக்குத்தான் சைகை தெரியுமே என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் நான் அக்காவுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பதிவாளர் கேட்டதை மகள் பழக்கத்தில் அம்மாவுக்குச் சொல்லக் கையெடுத்தாள். அக்கா தலையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளின் கை பாதியில் இறங்கியது. சாப்பிடும்போதும் அப்படியே. மாப்பிள்ளையின் அம்மா அன்பாக எதையோ விசாரித்தார், சம்பந்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் என் வழியாக மரியாதையாகப் பதில் சொன்னார். மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கும் நேரத்தில் அவள் என் அருகில் வந்தாள்.

“அம்மா இந்தப் புடவையில ரொம்ப அழகா இருக்காங்கன்னு சொல்லுங்கண்ணா.”

“நீயே சொல்லலாமே” என்றேன். மொழிபெயர்ப்பாளன் சொல்லக் கூடாத பேச்சு அது.

“என் கையை அவங்க பார்க்கிறதில்லை.”

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் மகளைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, “நன்றின்னு சொல்லு” என்றார். நான் திரும்பி வந்து, “நன்றி சொல்றாங்க” என்றேன்.  கொஞ்ச நேரம் நடுவில் நின்று பார்த்தேன். சொல்ல யாருக்கும் எதுவும் இல்லாததால் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன்.